பழைய பொருளில் கைவைப்பதற்கு முன்

மனித இதயத்தின் வால்வு ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. ஓராண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4 கோடி முறை. அது பழுதானால் அந்த இடத்தில் பொருத்தப்படும் செயற்கை வால்வும் இந்த வேலையை ஒரு தடவைகூடத் தவறாமல், ஆண்டுக்கணக்கில் செய்தாக வேண்டும். திருவனந்தபுரம் பூஜப்புராவில் திருவிதாங்கூர் அரச குடும்பத்திடமிருந்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு வந்த சாட்டல்மண்ட் அரண்மனையில், 1980-களில் ஒரு குழு இப்படியொரு வால்வைச் செய்யப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் இயக்குநர், இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான். பொறியியல் பணிக்குத் தலைமை ஏற்றவர் ஜி.எஸ்.புவனேஸ்வர்.

சாய்தட்டு வால்வு அப்போது புதிய கண்டுபிடிப்பு கிடையாது. உலோக வளையத்துக்குள் ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறந்து, மறுபடி மூடும் அந்த அமைப்பு 1969 முதலே மருத்துவமனைகளில் இருந்தது. ஆனால் இறக்குமதி வால்வின் விலை, முடக்கு வாதக் காய்ச்சலால் இதயம் கெட்டுப்போன இந்திய ஏழைக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. ஏற்கெனவே இருந்த ஒரு பொருளை எடுத்து, அதை இன்னும் பலருக்கு உதவும்படி மாற்றுவதுதான் சாட்டல்மண்ட் குழுவுக்கு வாய்த்த வேலை. இன்றைய நிறுவனங்களில் ப்ராடக்ட் மேனேஜர் என்று அழைக்கப்படுபவரின் வேலையும் பெரும்பாலும் இதுதான். வெறும் தரையிலிருந்து ஒன்றை எழுப்பும் வாய்ப்பு சிலருக்கே கிடைக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மேம்படுத்துகிறார்கள்.

சித்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நிறுவனத்தின் குழு செய்த முதல் மாதிரியில் டைட்டானியத்தால் ஆன கூண்டும், ஒற்றைப் படிக நீலக்கல்லில் இழைத்த தட்டும் இருந்தன. எலக்ட்ரான் கற்றையால் வெல்டிங் செய்த அந்தக் கூண்டு சோதனையிலேயே, வெல்டிங் போட்ட இடத்தில் உடைந்தது. வெல்டிங்கை இன்னும் உறுதியாகப் போடலாம் என்று குழு யோசிக்கவில்லை. இரண்டாவது மாதிரியில் வெல்டிங்குக்கே இடமில்லாமல், ஒரே உலோகத் துண்டிலிருந்து கூண்டைக் குடைந்தெடுத்தார்கள். இப்போது வேறொரு சிக்கல் வந்தது: கடினமான நீலக்கல் பட்டுப் பட்டு டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவது மாதிரியில் டைட்டானியத்துக்குப் பதில் ஹேய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்புலோகம் வந்தது. நீலக்கல் தட்டு தொடர்ந்தது. அந்த வால்வு பொருத்தப்பட்ட செம்மறியாடு மூன்று மாதத்தில் இறந்தது. பார்த்தால், தட்டு உடைந்திருந்தது.

நான்காவது மாதிரியில் நீலக்கல்லைக் கைவிட்டார்கள். மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன், அதாவது செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் ஒருவகை பிளாஸ்டிக், தட்டாக வந்து அமர்ந்தது. பளபளப்பிலும் பெருமையிலும் நீலக்கல்லின் பக்கத்தில் நிற்க முடியாத பொருள். ஆனால் அது உடையவில்லை, கூண்டைத் தேய்க்கவில்லை, மூடும்போது அதிகச் சத்தமும் போடவில்லை. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. 1995 முதல் சென்னையின் டிடிகே குழுமம் அதைத் திருவனந்தபுரத்திலேயே தயாரித்து விற்கிறது. டிடிகே சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இதயத்தில் இடம்பிடித்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை அதே காலத்தில் கலிபோர்னியாவில் நடந்தது. அதே சாய்தட்டு வால்வு, அதே மேம்படுத்தும் வேலை. ஸ்வீடன் அறுவை மருத்துவர் வைக்கிங் பியோர்க்கும் அமெரிக்கப் பொறியாளர் டொனால்டு ஷைலியும் சேர்ந்து உருவாக்கிய பியோர்க்-ஷைலி வால்வு அப்போது உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. அதில் ரத்தம் உறையும் சிக்கல் ஒன்று மிச்சம் இருந்தது. ரத்த ஓட்டத்தைச் சீராக்கினால் அதைக் குறைக்கலாம் என்று கருதி, தட்டையான தட்டை வளைத்து, அது இன்னும் தள்ளி நின்று திறக்கும்படி மாற்றினார்கள். 1979-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. பழைய வால்வின் பெயரும் நம்பிக்கையும் புதியதற்கு அப்படியே கைமாறின.

வளைந்த தட்டு மூடும்போது, சில வால்வுகளில் அது வேண்டியதைவிடச் சற்று அதிகமாகத் திரும்பி, தன்னைத் தாங்கிய கம்பியின் முனையில் மோதியது. அந்தக் கம்பி வளையத்தோடு வெல்டிங்கால் இணைந்திருந்தது. நாளுக்கு ஒரு லட்சம் முறை என்ற கணக்கில் விழுந்த சின்னஞ்சிறு அடிகளில் உலோகம் சோர்ந்து, கம்பி முறிந்து, தட்டு ரத்தத்தில் அடித்துச் செல்லப்பட்டது. சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பிறகு, 1986-ல் இந்த வகை வால்வு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 600-க்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. அப்படி வால்வு முறிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தார்கள். வால்வு நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களும், தங்கள் மார்புக்குள் இருப்பது எந்த நாளில் முறியுமோ என்ற அச்சத்தோடு வாழ நேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பின்னர் வந்த மோனோஸ்ட்ரட் வால்வு வெல்டிங் இல்லாமல் ஒரே துண்டில் குடைந்தெடுக்கப்பட்டது. பூஜப்புராவில் முதல் மாதிரி உடைந்த கையோடு எடுத்த முடிவுக்கு, அங்கே நோயாளிகளின் உயிரைக் கொடுத்துத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் திறமையுள்ள குழு, திறமையில்லாத குழு என்று பிரித்துவிட முடியாது. பியோர்க்கும் ஷைலியும் தங்கள் துறையின் முன்னோடிகள். அவர்கள் தீர்க்க நினைத்த ரத்த உறைவும் உண்மையான சிக்கல்தான். பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளிலும் இரண்டு வகைக் குணங்கள் உண்டு. ஒன்று எல்லாரும் பேசுவது: விலை, வேகம், ஓட்டம், தோற்றம். மற்றொன்று, தவறாமல் நடந்துகொண்டே இருப்பதால் யாரும் பேசாதது. பழைய வால்வில் கம்பி முறிவது அரிது என்பதால் கம்பியைப் பற்றிப் புகார் எழவில்லை. புகார் எழாததால் அது மேம்பாட்டுப் பட்டியலில் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாததுதான் கடைசியில் உயிரைப் பறித்தது.

ஏற்கெனவே உள்ள பொருளை மேம்படுத்தப் புறப்படுகிறவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. எதைச் சேர்க்கலாம் என்று கேட்கும் அளவுக்கு, பழைய பொருள் சத்தமில்லாமல் எதைச் செய்துவருகிறது என்று அவர்கள் கேட்பதில்லை.

திருவனந்தபுரத்தின் இன்னொரு பெருமையான தும்பா ராக்கெட் மையமும் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்தே கற்றது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அது தூக்கக்கூடிய எடை சுமார் 40 கிலோ. அடுத்த இலக்கு 150 கிலோ. புதிய ராக்கெட்டை அடியிலிருந்து வடிவமைக்காமல், நிரூபணமான எஸ்.எல்.வி.-யின் இரு பக்கமும் இரண்டு மோட்டார்களைக் கட்டினார்கள். அவையும் எஸ்.எல்.வி.-யின் முதல் நிலையை ஒட்டிச் செய்தவையே. அறிந்த ராக்கெட், அறிந்த மோட்டார்; செலவும் குறைவு. எந்த நிறுவனத்தின் கூட்ட அறையிலும் தயக்கமில்லாமல் ஒப்புதல் பெறக்கூடிய திட்டம் அது.

ஏ.எஸ்.எல்.வி. என்று பெயரிட்ட இந்த ராக்கெட் முதன்முறையாக 1987 மார்ச் 24 அன்று புறப்பட்டது. பக்கவாட்டு மோட்டார்கள் சரியாக எரிந்து முடிந்தன; நடுவில் இருந்த முதல் நிலை பற்றவே இல்லை. 1988 ஜூலை 13 அன்று இரண்டாவது முயற்சி. இந்த முறை பக்கவாட்டு மோட்டார்கள் எரிந்து தீர்ந்ததற்கும் நடு மோட்டார் பற்றியதற்கும் இடையே சிறிய இடைவெளி விழுந்தது. காற்றின் அழுத்தம் மிகுதியாக இருக்கும் உயரத்தில், உந்துவிசை இல்லாத அந்த நொடிகளில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து உடைந்தது.

எஸ்.எல்.வி.-யில் முதல் நிலை தரையில், அசையாமல் நிற்கும்போது பற்றவைக்கப்பட்டது. ஏ.எஸ்.எல்.வி.-யில் அதே முதல் நிலை ஆகாயத்தில், சீறிப் பறக்கும்போது பற்றியாக வேண்டியிருந்தது. மோட்டார் மாறவில்லை. அது வேலை செய்ய வேண்டிய சூழல் மாறியது. அறிந்த பாகங்களைச் சேர்த்தால் அறிந்த முழுமை கிடைத்துவிடும் என்ற எண்ணம் இரண்டு ராக்கெட்டுகளை வங்காள விரிகுடாவில் தள்ளியது.

பிறகு நடந்ததுதான் பின்பற்றத்தக்கது. தோல்விக்கான காரணங்களை ஆய்வுக் குழுக்கள் நொடி நொடியாக அலசின. ராக்கெட்டின் அடியில் நிலைப்படுத்தும் துடுப்புகள் சேர்ந்தன. முன்பே குறித்த நேரத்தில் நடு மோட்டாரைப் பற்றவைப்பதை விட்டு, பக்கவாட்டு மோட்டார்களின் விசை தணிவதை உணர்ந்து அந்தக் கணத்தில் பற்றவைக்கும் முறை வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1992 மே 20 அன்று மூன்றாவது ஏ.எஸ்.எல்.வி. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோனது. அங்கே கற்றது வீண்போகவில்லை. அடுத்த தலைமுறையான பி.எஸ்.எல்.வி. 1994-ல் முதல் வெற்றியைக் கண்டபின், அதன் அடிப்படை அமைப்பைக் கலைக்காமல் சிறு சிறு மாற்றங்களால் அதை வளர்த்தார்கள். பக்கவாட்டு மோட்டார்களே இல்லாத வடிவம் 2007-ல் வந்தது. 9 டன் மோட்டார்களுக்குப் பதில் 12 டன் மோட்டார்கள் கட்டிய எக்ஸ்.எல். வடிவம் 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1-ஐச் சுமந்துசென்றது. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களை விட்டதும் அந்த எக்ஸ்.எல்.தான்.

தும்பாவிலிருந்து சற்றுத் தூரத்தில், கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் இருக்கிறது. 1990-ல் தொடங்கிய அது, இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் பலருக்கும் வேலை கொடுக்கும் இடம். அங்குள்ள கட்டடங்களில் தினமும் எடுக்கப்படும் முடிவுகள் இதய வால்வைப் போல் உயிரைத் தொடுபவை அல்லதான். ஒரு பொத்தானை இடம் மாற்றுவது, ஒரு மெனுவை எடுத்துவிடுவது, பழைய நிரலைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது. அதனாலேயே அவை லேசாக எடுக்கப்படுகின்றன.

லேசாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மென்பொருள் உலகின் பெரிய நிறுவனங்களே சாட்சி. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-ஐ வெளியிட்டபோது, 1995 முதல் திரையின் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் காணாமல் போயிருந்தது. தொடுதிரைக் காலத்துக்கு அது தேவையில்லை என்று கருதினார்கள். ஆனால் உலகின் பெரும்பாலான அலுவலக மேசைகளில் தொடுதிரை இல்லை. இருந்தவை மவுசும் பழகிய கையும்தான். ஓராண்டில், விண்டோஸ் 8.1-ல் அந்தப் பொத்தான் திரும்பி வந்தது.

ஒலிபெருக்கி நிறுவனமான சோனோஸ் 2024 மே மாதம் செய்தது இன்னும் கடுமையான பிழை. தன் செயலியை முற்றிலும் புதிதாக எழுதி, பழையதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தது. தூங்கும் நேரத்தில் பாட்டை நிறுத்தும் டைமர், அலாரம், பாட்டு வரிசையைத் திருத்தும் வசதி போன்றவை புதிய செயலியில் இல்லை அல்லது அரைகுறையாக இருந்தன. திரைவாசிப்பான் துணையோடு பயன்படுத்திவந்த பார்வையற்றவர்கள் திண்டாடினார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒலிபெருக்கி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. நேற்றுவரை செய்ததை அது இன்று செய்யவில்லை. பழைய செயலியைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நிறுவனம் யோசித்தபோது, பின்னணி அமைப்புகள் அதற்குள் மாறிவிட்டதால் அதற்கும் வழியில்லாமல் போனது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

சோனோஸில் இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. குறைவான பேர் பயன்படுத்தும் வசதி என்றால் முக்கியமற்ற வசதி என்று நினைத்தது முதல் பிழை. பார்வையற்ற ஒருவருக்குத் திரைவாசிப்பான் ஆதரவு பத்தோடு பதினொன்று கிடையாது. அவருக்கு அதுதான் முழுப் பொருளும். திரும்பிப் போக வழி வைக்காமல் முன்னே போனது இரண்டாவது பிழை. சாட்டல்மண்டில் எந்த மாதிரியும் முதலில் சோதனை இயந்திரத்தையும், பிறகு ஆட்டின் உடலையும் தாண்டாமல் மனித உடலுக்குப் போகவில்லை. மென்பொருளிலும் அப்படிப் படிப்படியாகப் போகலாம். நூற்றில் ஒருவருக்கு முதலில் கொடுத்து, பழையதைப் பக்கத்திலேயே உயிரோடு வைத்திருந்து, மெதுவாக மாற்றலாம். அதற்கான கருவிகள் எல்லா நிறுவனங்களிலும் இருக்கின்றன. வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது அவைதான் முதலில் கைவிடப்படுகின்றன.

அப்படியானால் எதையும் மாற்றாமல் இருந்துவிடுவதே பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், அவருக்கு அம்பாசடர் காரைக் காட்டலாம். 1950-களின் இறுதியில் வந்த அந்த வடிவத்தைப் பெரிதாக மாற்றாமலே காலத்தை ஓட்டிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. மாற்றாமல் இருப்பதும் பொருளைக் கொல்லும். சித்ரா குழு மாற்றத்துக்கு அஞ்சியிருந்தால் மூன்று மாதிரிகளைத் தூக்கிப் போட்டிருக்க முடியாது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று பிரித்தறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதைச் சரியாகப் பிரித்தறிந்த உதாரணம் தமிழ்நாட்டிலேயே, திருவொற்றியூரில் இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து புல்லட்டை இங்கே கொண்டுவந்தன. ஆண்டுகள் ஓட ஓட அதன் குறைகள் ஊரறிந்தவை ஆயின: எண்ணெய்க் கசிவு, ஸ்டார்ட் ஆவதில் தகராறு, வலது காலில் கியர். ஐஷர் குழுமத்தின் சித்தார்த்த லால் 2000-ல் பொறுப்பேற்றபோது நிறுவனம் மூடப்படும் நிலையில் இருந்தது. புல்லட் பிரியர்களைத் தவிர வேறு யாரும் அதை வாங்கத் துணியவில்லை. புதியவர்களுக்காக மாற்றினால் அந்தப் பிரியர்களும் போய்விடுவார்களோ என்ற பயம்.

இரும்பு எஞ்சின் போனது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக அமைந்த புதிய எஞ்சின் 2008 முதல் வந்தது. கியர் இடது காலுக்கு மாறியது. கசிவு நின்றது. இவ்வளவும் மாறியபோது அவர்கள் பிடிவாதமாகக் காப்பாற்றியது, நீளமான வீச்சு கொண்ட ஒற்றை சிலிண்டரையும் அது தரும் நிதானமான தடதடப்பையும்தான். பழைய சத்தம் அச்சு அசலாகத் திரும்பவில்லை என்று குறைபடுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் வண்டியை வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்ற கேள்விக்கு அந்தக் குழுவிடம் தெளிவான பதில் இருந்தது. 2009-ல் வந்த கிளாசிக், அந்த நிறுவனத்தின் வரலாற்றையே மாற்றியது.

பொருளைப் பயன்படுத்துகிறவர் யார் என்ற கேள்வியில் சறுக்குவதும் வழக்கமான பிழைதான். பாதாளச் சாக்கடை அடைப்பு நீக்கும் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளலாம். அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சும் இயந்திரமும் உறிஞ்சும் இயந்திரமும் பல ஆண்டுகளாக நகராட்சிகளில் இருக்கின்றன. கல், துணி, பிளாஸ்டிக் போன்ற கெட்டிக் கழிவு சேர்ந்துவிட்டால் அவற்றால் முடியாது. உடனே ஒரு மனிதர் குழிக்குள் இறக்கப்படுகிறார். கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடைவிதிக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாவுகள் நிற்கவில்லை. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றக் குழிக்குள் இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் நௌஷாதும் விஷவாயுவில் இறந்தார்கள்.

அந்தச் சாவுகள் உலுக்கிய கேரள இளைஞர்கள் சிலர் திருவனந்தபுரத்தில் உருவாக்கியதுதான் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம். அவர்களின் பாண்டிகூட் ரோபோ 2018-ல் இந்த நகரத்தில் பணிக்கு வந்தது. அதே ஆண்டில் கும்பகோணத்துக்கும் போனது. கேமரா பொருத்திய அதன் கை, மனிதரின் கை செய்த வேலையைக் குழிக்குள் செய்கிறது. இருந்த இயந்திரத்தின் அழுத்தத்தை இன்னும் ஒரு மடங்கு கூட்டுவோம் என்று அவர்கள் போகவில்லை. எந்த இடத்தில் இயந்திரம் கைவிட்டு மனிதர் இறங்க நேர்கிறது என்று பார்த்தார்கள். அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் எடுத்தார்கள்: குழிக்குள் இறங்கிய தொழிலாளிக்கே ரோபோவை இயக்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். பொறியாளர் மட்டுமே இயக்கக்கூடிய கருவியாக அது வந்திருந்தால், அவர் வராத நாளில் பழைய தொழிலாளியே மறுபடியும் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பார்.

காசோலையில் கையெழுத்திடுகிறவர் ஒருவர், கருவியைக் கையில் பிடிக்கிறவர் இன்னொருவர். இருந்த பொருளை மேம்படுத்தும் கூட்டங்களில் முன்னவரின் விருப்பங்கள்தான் நிறைந்திருக்கின்றன. மருத்துவமனை மென்பொருளின் புதிய வடிவத்தை நிர்வாகம் பாராட்டலாம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு அது நான்கு கிளிக் கூடுதலாகக் கேட்கலாம். அந்தச் செவிலியர் கூட்ட அறையில் இல்லை. அவருடைய நான்கு கிளிக் எந்த அறிக்கையிலும் ஏறுவதும் இல்லை.

இத்தனை பிழைகளுக்கும் ப்ராடக்ட் மேனேஜர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி, இந்த ஆண்டு என்னென்ன புதிதாகக் கொண்டுவந்தீர்கள் என்பது. எதையெல்லாம் உடையாமல் காத்தீர்கள் என்று கேட்பவர் இல்லை. புதிய வசதிக்கு மேடையும் கைத்தட்டலும் உண்டு. ஒரு மோசமான மாற்றத்தைத் தடுத்து நிறுத்தியவருக்கு, முன்னேற்றத்துக்குத் தடை என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. பதவி உயர்வு இப்படி அமைந்திருக்கும்வரை, நல்ல மனிதர்களும் தேவையற்ற மாற்றங்களைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

மாற்ற வேண்டிய இடம் அதுதான். டெக்னோபார்க்கிலோ சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலோ உள்ள எந்த நிறுவனமும் நாளையே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. ஒரு பொருளை மாற்றும் முன்மொழிவில் எதைச் சேர்க்கப்போகிறோம் என்று எழுதுவதற்கு முன், பழையது கேட்காமலே செய்துவரும் வேலைகளை எழுத வேண்டும். அந்தப் பட்டியலுக்கான செய்தி கூட்ட அறையில் கிடைக்காது. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் இளைஞரிடமும், பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடமும், பொருளைத் தினமும் கையில் பிடிப்பவரிடமும்தான் கிடைக்கும். மேம்பாட்டை அளக்கும் எண்களில் பாதியாவது, பழையதில் எதுவும் கெடவில்லை என்பதைக் காட்டும் எண்களாக இருக்க வேண்டும். பழையதற்குத் திரும்பும் வழி சோதித்துப் பார்க்கப்படாமல் எந்த வெளியீடும் போகக்கூடாது. ஒரு மாற்றம் தோற்றால், அதற்கான காரணம் ஏ.எஸ்.எல்.வி.-க்கு எழுதியதுபோல் எழுதப்பட்டு, அடுத்த குழுவின் கைக்குப் போக வேண்டும்.

பிடித்துப்போன பாகத்தைக் கைவிடும் துணிவும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும். சித்ரா குழுவில் மூன்று மாதிரிகள் வரை கூடவே வந்தது நீலக்கல். அதற்காகச் செலவான உழைப்பும் ஆண்டுகளும் கொஞ்சமல்ல. இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்பு நான்காவது முறையும் அதையே வைக்கச் சொல்லியிருக்கும். ஆட்டின் உடலுக்குள் உடைந்து கிடந்த தட்டை ஆதாரமாக ஏற்று, அவர்கள் விலை குறைந்த பிளாஸ்டிக்கின் பக்கம் போனார்கள். பெரிய முதலீடு போட்ட வசதியைப் பயன்பாட்டு எண்கள் கைவிடச் சொல்லும்போது, இன்னும் ஒரு அப்டேட் கொடுத்துப் பார்ப்போம் என்று இழுக்கும் மேலாளர்கள் இந்த ஒரு முடிவையாவது படிக்க வேண்டும்.

படிப்பதற்கு அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூஜப்புராவும் தும்பாவும் கழக்கூட்டமும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. நம் மேலாண்மைக் கல்லூரிகளில் ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பாடத்துக்கு அமெரிக்க நிறுவனங்களின் வெற்றிக் கதைகள்தான் உதாரணமாக வருகின்றன. சித்ரா வால்வின் முதல் மூன்று மாதிரிகளும் முதல் இரண்டு ஏ.எஸ்.எல்.வி. ஏவுதல்களும் ஏன் தோற்றன என்பது ஆய்விதழ்களிலும் விண்வெளித் துறையின் வரலாற்று நூல்களிலும் பதிவாகி இருக்கிறது. அந்தத் தோல்விகளைப் பாடமாக எழுதி, அவற்றில் பங்கெடுத்த பொறியாளர்களையே அழைத்துவந்து, டெக்னோபார்க் இளைஞர்களுக்கு வகுப்பு எடுக்கச் செய்ய கேரள ஸ்டார்ட்அப் மிஷன் முன்வர வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளும் இதில் சேர்ந்துகொள்ளலாம். அவற்றின் மாணவர்களில் பலர் வேலைக்கு வரப்போவது இந்த நகரத்துக்குத்தான். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குவதற்குத் தடையாக எதுவும் இல்லை.